கணினிக்கு நான் தமிழ் சொல்லிக்கொடுத்தேன்

எங்கள் வீட்டுக் கணினியைக் கொன்றவன் நான்தான். ஆனால் தமிழில் கொன்றேன். இதை என் பக்கத்து நியாயமாகக் குறித்துக்கொள்ளுங்கள்.

சம்பவம் நடந்தது வியாழக்கிழமை பின்னேரம். மகள் டிலோஜினி ஓர் ஆசிரியரைப் பார்க்கப் பசறைக்குப் போயிருந்தாள். மனைவி ஜீவராணி கோயிலுக்குப் போயிருந்தாள். வீட்டில் நானும் கணினியும் மட்டும். தேயிலைத் தோட்டத்து ஆபீசில் கிளாக்கராக இருந்து ஓய்வு பெற்ற ஒருவனைக் கணினியோடு தனியாக விட்டுவிட்டுப் போவது எவ்வளவு ஆபத்து என்று அந்த இரண்டு பெண்களுக்கும் அன்றைக்குத் தெரியாது.

இந்தக் குடும்பத்துக் கதையை இடையில் பிடித்தவர்களுக்காக ஒரு வார்த்தை. டிலோ கல்யாணமாகி இரண்டு வருடம் பண்டாரவளையில் இருந்தவள். மாப்பிள்ளை கிருஷ்ணராஜுக்கு எல்ல என்ற ஊரில் ஒரு ஹோட்டலில் வரவேற்பில் வேலை. தங்கமான பிள்ளை. குடி இல்லை, கை நீட்டல் இல்லை, சத்தம் போட்டுப் பேசியதுகூட இல்லை. அப்படியிருக்க, போன மாதம் ஒரு நாள் டிலோ ஒற்றை பேக்குடன் பஸ்ஸிலிருந்து இறங்கி, "அம்மாவப் பாக்கத் தோணுச்சு" என்றாள். அம்மாவைப் பார்த்து முடிந்தும் திரும்பிப் போகவில்லை.

ஏன் வந்தாய் என்று நான் கேட்கவில்லை. கேட்க வாயெடுத்த ஒவ்வொரு தடவையும் என் வாயிலிருந்து ஒரு பகிடிதான் வந்தது. அவள் சிரிப்பாள். அத்தோடு சரி.

வந்த கொஞ்ச நாளில் அவளாகவே ஒரு வேலை தேடிக்கொண்டாள். நமுனுகுலைப் பக்கத்துத் தோட்டப் பாடசாலைகளுக்குத் தவணைப் பரீட்சை வினாத்தாள் டைப் பண்ணிக் கொடுப்பது. ஆசிரியர்கள் கையால் எழுதிக் கொடுப்பார்கள். இவள் பாமினி என்ற பழைய எழுத்துருவில் அடிப்பாள். ஆங்கில விசையை அழுத்தினால் திரையில் தமிழாகத் தெரியும். தாளைப் பார்த்தபடி, விசைப்பலகையைப் பார்க்காமல், மழை ஓட்டில் விழுவது போல அடிப்பாள்.

"இந்தத் தவணை நேரத்துக்கு ஒழுங்கா குடுத்துடு புள்ள, பிறகு வருஷம் முழுக்க ஒனக்குத்தான்" என்று பாடசாலை அதிபர் சொல்லியிருந்தார். அதைச் சொன்ன அன்று டிலோ இரண்டு தடவை சோறு போட்டுச் சாப்பிட்டாள். அது அவளுக்கு வெறும் வேலை இல்லை என்பது எனக்கு அப்போதே விளங்கியது.

கணினிதான் கிழடு. கொஞ்ச நாளாகத் திறந்தவுடன் ஒரு செய்தி வரும். இந்த விண்டோஸுக்கு இனி ஆதரவு இல்லை, புதியதற்கு மாறு. ஆனால் உன் மெஷினுக்குப் புதியது பொருந்தாது. மாறு என்பதையும் மாற முடியாது என்பதையும் ஒரே மூச்சில் சொல்வதை நான் தோட்டத்து ஆபீசில்தான் கேட்டிருக்கிறேன். அதைப் பார்க்கும்போதெல்லாம் டிலோ பெருமூச்சு விடுவாள்.

அந்தப் பெருமூச்சு முழுவதும் கணினிக்கு இல்லை. அது எனக்குத் தெரியும். ஆனால் கணினிக்கான பங்கையாவது தீர்த்து வைப்போம் என்று நினைத்தேன்.

விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் என்று ஒன்று இருக்கிறதாம். காசு இல்லை, கிழட்டு மெஷினிலும் ஓடும் என்று யூடியூபில் ஒரு தம்பி சத்தியம் செய்தான். முதலில் டிலோவின் வேலைகள் இருந்த 'ஃபோல்டர்' பெட்டியைத் திறந்து, உள்ளே இருந்த எல்லாவற்றையும் பென் டிரைவில் போட்டு வைத்தேன். அந்த அளவுக்கு எனக்கும் புத்தி உண்டு. பிறகுதான் புதியதை இறக்கினேன்.

முதல் கேள்வியே என்னைக் கவிழ்த்துவிட்டது. எந்த மொழி வேண்டும் என்று கேட்டது. கீழே போகப் போக உலகத்து மொழிகள் எல்லாம் வந்தன. நடுவில் தமிழ்.

இலங்கையின் ஊவா மாகாணத்திலேயே பிறந்து வளர்ந்து தலை நரைத்தவன் நான். படிவம் நிரப்பப் போன எந்த அரசாங்கக் கந்தோரிலும் என்னிடம் யாரும் இந்தக் கேள்வியைக் கேட்டதில்லை. கண் கலங்கிவிட்டது. தமிழ் என்று அழுத்தினேன். விசைப்பலகையும் தமிழா என்றது. அதுவும் தமிழ்தான் ராசா என்றேன். பழையதை முழுவதும் அழிக்கவா என்றது. வீட்டைக் கழுவிவிட்டுத்தானே புதுச் சாமான் இறக்குவோம்? ஆம் என்றேன்.

டிலோ வந்தபோது திரை பளிச்சென்று நின்றது. அன்றைக்கு அவளுக்குத் தலைவலி. பார்க்காமலே படுத்துவிட்டாள். காலையில் காட்டி அசத்தலாம் என்று நானும் வாயை மூடிக்கொண்டேன்.

காலையில் அசத்தினேன்.

"யாருப்பா இத மாத்தினது?"

"ஒன் அப்பன்தான். எப்புடி? கம்பியூட்டருக்குத் தமிழ் சொல்லிக்குடுத்திருக்கேன். டைப் பண்ணிப் பாரு."

அவள் விரல் தானாக ஓடியது. டைப் பண்ணுகிறவர்கள் சோதித்துப் பார்க்க முதலில் அடிப்பது 'அம்மா' என்றுதான். திரையில் வந்தது: ரமநமக.

இன்னொரு தடவை அடித்தாள். ரமநமக.

"ஏதோ மந்திரம் மாதிரி இருக்கே" என்றேன்.

அவள் சிரிக்கவில்லை. இருபது வயதில் பதுளையில் வகுப்புக்குப் போய்ப் பாமினியில் பழகிய கை அது. எந்த விசையில் எந்த எழுத்து என்பது அவள் தலையில் இல்லை, விரலில் இருந்தது. புது மெஷினோ தமிழ்நாட்டு முறையில் எழுத்தை அடுக்கி வைத்திருந்தது. மேலே பார்த்தால் கோப்பு, தொகு, நுழை என்று செந்தமிழ். 'சேவ்' எங்கே என்று அவள் தேடினாள். எனக்கும் தெரியவில்லை. என் தாய்மொழியில் நான் இப்படித் திருதிருவென்று விழித்தது அதுதான் முதல் தடவை.

"சரி, அத விடுங்க. என் பேப்பரெல்லாம்?"

பென் டிரைவை வெற்றிக் கிண்ணம் போல நீட்டினேன். திறந்தாள். மாதிரிக்கு வாங்கி வைத்திருந்த போன தவணைத் தாள்கள் இருந்தன. ஒன்றைத் திறந்தால் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாக ஒரே குப்பை.

"எம், ஐ, டி, ஜே, அரைப்புள்ளி..." என்று நான் வாசித்தேன். "இது எந்தப் பாடம்மா?"

"அது 'அனைத்து வினாக்களுக்கும் விடை தருக'ப்பா. பாமினி இல்லாததால இப்புடி. அது பரவால்ல." அவள் குரல் தாழ்ந்தது. "இந்தத் தவணை பேப்பர் எங்க? நான் அத முன்னாலயே வச்சிருந்தேனே. திரையிலயே."

திரையில் சின்னச் சின்னப் படங்கள் காலைப் பெரட்டுக்கு வேலை வாங்க வந்த தோட்டத்து ஆட்களைப் போல வரிசையாக நின்றது எனக்கு நினைவுக்கு வந்தது. அவை எல்லாம் அலங்காரம், உண்மையான சாமான் பெட்டிக்குள்தான் இருக்கும் என்று நான் நினைத்திருந்தேன்.

"எதெல்லாம்மா அதுல?"

"எல்லாம். தரம் அஞ்சு, எட்டு, ஒம்பது. எல்லாமே முடிஞ்சிருந்துச்சு. இன்னைக்குப் பின்னேரம் குடுக்கணும்ப்பா. திங்கக்கெழம பரீட்ச."

திட்டியிருக்கலாம். ஒரு கோப்பையைத் தூக்கி அடித்திருக்கலாம். எதுவும் இல்லை. ஆசிரியர்கள் கையால் எழுதிக் கொடுத்த தாள்களை எடுத்து மேசையில் அடுக்கினாள். அந்த அமைதிதான் எனக்குப் பொறுக்கவில்லை.

பதுளையில் கணினி திருத்தும் ஹஸீபுக்குப் போன் போட்டேன். பழைய பழக்கம்.

"முழுசா அழிக்கவான்னு கேட்டிச்சா ஐயா?"

"கேட்டுச்சு."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"ஆமான்னேன்."

"அதுக்கு மேலயே புதுசு எழுதியாச்சு ஐயா. அது இனி வாறது கஷ்டம். இருந்து மறுபடி அடிங்க. பாமினிய நான் மகள்ட போனுக்கு அனுப்புறன். இன்னொண்டு, கீபோர்ட இங்கிலீசுக்கு மாத்துங்க. இல்லாட்டித் தமிழ் வராது."

"தமிழ் வரணும்னா இங்கிலீஷுல வைக்கணுமா?"

"ஓம் ஐயா. நீங்க தமிழ்ல வச்சதாலதான் தமிழ் வராம நிக்குது."

இந்த நாட்டில் இதற்கெல்லாம் ஆச்சரியப்பட எனக்கு இனி வயதில்லை.

பாமினி வந்தது. அடித்தால் எழுத்தும் வந்தது. நான் கையெழுத்துத் தாளை வாசிக்க, அவள் அடித்தாள். ஒரு வினா நேராகப் போகும். அடுத்த வரிக்கு இறங்கினால் மெஷின் பாமினியை மறந்து மறுபடி அரைப்புள்ளிக் குப்பையைக் கொட்டும். எழுத்தை மறுபடி தெரிவு செய்ய வேண்டும். படம் போட வேண்டிய இடத்தைத் தேடினால் 'நுழை' என்று இருக்கிறது. நுழைந்தால் படம் வினாவுக்கு மேலேயே ஏறி உட்கார்ந்துகொள்கிறது. தரம் ஐந்துக்கு ஒரு தென்னை மரம். அது நாலாம் வினாவின் தலையிலேயே வளர்ந்து நின்றது.

"பரவால்லம்மா, நிழலுக்கு நல்லது."

"வாசிங்கப்பா."

"பின்வருவனவற்றுள் பாலூட்டி எது? ஒண்ணு, முதலை. ரெண்டு, வௌவால். மூணு, கிளாக்கர்."

"அப்பா."

"சரி சரி. மூணு, கோழி."

வேறொரு நாளாயிருந்தால் சிரித்திருப்பாள். இன்றைக்கு அவள் தோள் இரண்டும் காதுக்குப் பக்கத்தில் ஏறி நின்றன. 'சேவ்' பண்ண நினைத்து எதையோ அழுத்தி, அரைப்பக்கத்தை இழந்து, மறுபடி அதே அரைப்பக்கத்தை அடித்தாள். விரல் பழைய இடத்துக்கே போய்ப் போய் அடிபட்டு வந்தது. தன் வீட்டுக்குள்ளேயே வழி கேட்டுக்கொண்டு நடப்பவளைப் போல இருந்தாள்.

நடுவில் என் போன் அடித்தது. மாப்பிள்ளை. குசினிப் பக்கம் போய் எடுத்தேன்.

"மாமா, சொகமா? இன்னைக்கு எனக்கு லீவு. மத்தியானத்துக்குப் பெறகு பஸ் ஏறுறேன். டிலோவக் கூட்டிக்கிட்டுப் போகலாம்ன்னு. ரொம்ப நாளாச்சில்ல. நீங்க என்னா சொல்றீங்க?"

அவ்வளவு இனிமையான குரல். மறுக்க அதில் பிடிப்பே இல்லை.

"வாங்க வாங்க மாப்பிள்ள. ஒங்க வீடு" என்றேன். அதுவும் போதாதென்று, "வரும்போது ஒங்க ஹோட்டலையும் பையில போட்டுக்கிட்டு வாங்க" என்று ஒரு பகிடியும் சேர்த்துவிட்டேன். அவர் சிரித்துவிட்டு வைத்தார்.

ஜீவராணி பக்கத்திலேயே நின்றிருந்தாள். முகம் மலர்ந்துவிட்டது.

"வர்றாரா? நான் சொன்னேன்ல. பாருங்க, அவராவே வர்றாரு. கோழி ஒண்ணு எடுக்கணும்."

"பிள்ளகிட்ட சொல்ல வேணாமா?"

"சொல்லுங்க."

"நீ சொல்லு, ஜீவா. தாய்தானே."

"நீங்கதானே வரச்சொன்னீங்க? என்னாங்க கொற அந்தப் புள்ளைக்கு? தோட்டத்து லயத்துல எத்தன வீட்டுல அடிபட்டுக்கிட்டுக் கெடக்குதுக. இவளுக்கு வாய் தெறந்து சொல்ல ஒரு காரணம் இருக்கா? கேட்டா ஒண்ணுமில்லம்மாங்கிறா. ஒண்ணுமில்லன்னா போகவேண்டியதுதானே?"

கேள்வி நியாயமாகத்தான் இருந்தது. பிளேன்டீயை என் கையில் திணித்து முன்னறைக்குத் தள்ளினாள். நான் டிலோ பக்கத்தில் கோப்பையை வைத்தேன். சொல்ல வந்ததைச் சொல்லாமல், "வினா பத்து" என்றேன்.

மத்தியானச் சாப்பாட்டை அவள் தொடவில்லை. கடைசித் தாளை முடித்தபோது பின்னேரமாகிவிட்டது. அச்சடிக்கக் கொடுத்தால் எங்கள் வீட்டுப் பிரிண்டர் புது மெஷினை முன்பின் பார்த்ததே இல்லை என்பது போல மூலையில் சும்மா நின்றது. தாள்களைப் போன் வழியாக ஹஸீபுக்கு அனுப்பினோம். அவர் அச்சடித்துக் கட்டி, நமுனுகுலை பஸ் கண்டக்டர் கையில் கொடுத்துவிடுவதாகச் சொன்னார். அதிபர் ரோட்டில் நின்று வாங்கிக்கொள்ள வேண்டியது.

அதிபரிடம் டிலோதான் பேசினாள். அந்தப் பக்கத்துக் குரல் எனக்கும் கேட்டது.

"வீட்டுக்குக் கொண்டாந்து தர்றேன்னுதானே சொன்ன? இப்ப பஸ்ல அனுப்புறேங்கிற. படமெல்லாம் சரியா இருக்கா?"

"தரம் எட்டுல ரெண்டு படம் சரியா வரல சேர். எடம் விட்டிருக்கேன். கரும்பலகையில வரஞ்சு காட்டச் சொல்லணும்."

"ம். சரி, பாத்துட்டுச் சொல்றேன். அடுத்த தவணையப் பத்திப் பெறகு பேசுவோம்."

போன் வைக்கப்பட்டது. வருஷம் முழுக்க ஒனக்குத்தான் என்றவர், இப்போது பிறகு பேசுவோம் என்கிறார். அதை அந்த இடத்துக்குக் கொண்டுவந்து சேர்த்தவன், சொந்தமாக ஒரு சம்பாத்தியம் வேண்டும் என்று அவள் ஒரு மாதமாகக் கட்டியதை ஒரே பின்னேரத்தில் சரித்தவன், அவள் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தான்.

குசினியில் கோழி வதங்கும் வாசனை வந்தது. டிலோ தலையைத் தூக்கினாள்.

"வெள்ளிக்கெழமையில கோழியா? யாருப்பா வர்றா?"

"ஒரு பெரிய மனுஷன். எல்லயிலருந்து. ஹோட்டலோட..."

"பகிடி வேணாம்ப்பா."

அவள் சொன்னது மெதுவாகத்தான். ஆனால் என் மேசை, என் நாற்காலி, என் பகிடி எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் யாரோ எடுத்து வெளியே வைத்தது போல இருந்தது.

"கிருஷ்ணராஜ் வர்றாரு. ஒன்னக் கூட்டிக்கிட்டுப் போக. காலையில போன் பண்ணினாரு. நான் வாங்கன்னு சொல்லிட்டேன்."

"என்னைக் கேட்டீங்களா?"

"இல்லம்மா."

அவள் திரையைப் பார்த்தாள். தென்னை மரம் இப்போது நாலாம் வினாவின் பக்கத்தில் சாய்ந்தபடி நின்றது.

இனியும் தள்ளிப்போட எனக்கு வழி இல்லை. ஒரு மாதமாக என் பற்களுக்குப் பின்னால் நின்ற கேள்வியை, எந்தப் பகிடிச் சோடனையும் இல்லாமல் வெளியே விட்டேன்.

"நீ ஏம்மா வந்த? அவரு ஒன்ன என்னா செஞ்சாரு?"

"ஒண்ணும் செய்யலப்பா. அடிக்கல, ஏசல." விசைப்பலகையைத் தள்ளி வைத்தாள். "நேத்து நான் பசறைக்குப் போயிருந்தப்ப நீங்க செஞ்சீங்களே. அதத்தான் அவரு ரெண்டு வருஷமா செஞ்சாரு."

நான் கையிலிருந்த கையெழுத்துத் தாளை மேசையில் கவிழ்த்து வைத்தேன்.

"நான் தீபாவளிக்கு இங்க வந்திருந்தப்ப, நான் படிச்சுக்குடுத்த பாலர் பாடசாலைக்குப் போய், இனி டிலோ வரமாட்டான்னு அவரே சொல்லிட்டு வந்துட்டாரு. வெயில்ல அலையாதேன்னு. நான் குளிச்சுட்டு வர்றதுக்குள்ள என் போன மாத்தி வச்சிருந்தாரு. பழசு சூடாகுதாம். யாரோட நம்பரும் அதுல இல்ல. அலுமாரியில என் துணியெல்லாம் இல்ல, புதுசு அடுக்கியிருந்துச்சு. எல்லாம் நல்ல சாமான்ப்பா, எல்லாம் என் நல்லதுக்கு. கோவிச்சா நன்றி கெட்டவளாயிடுவேன். அம்மாகிட்ட நான் என்னான்னு சொல்லுறது? காலையில எழும்பி எது எங்க இருக்குன்னு தேடித் தேடி, கடைசில நான் எங்க இருக்கேன்னே எனக்குத் தெரியாமப் போச்சு. அதான் வந்துட்டேன்."

குசினியில் அகப்பைச் சத்தம் நின்றுவிட்டிருந்தது. ஜீவராணி கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நிற்பதை அப்போதுதான் பார்த்தேன். அவள் கையிலிருந்து குழம்பு சொட்டிக்கொண்டிருந்தது.

கீழே வளைவில் பஸ் ஹோர்ன் அடித்துத் திரும்புவது கேட்டது.

"அப்ப, அவரு இப்ப வந்து கூப்பிட்டா?" என்றேன். "போவியா?"

டிலோ எழுந்தாள். தலைமுடியை அள்ளி முடிந்துகொண்டாள்.

"போகமாட்டேன்ப்பா. அத நானே அவர்கிட்ட சொல்லிக்கிறேன். நீங்க எனக்காக ஒண்ணும் பேச வேணாம். பக்கத்துல வந்து சும்மா ஒக்காந்திருங்க, போதும்."